வாசலில் நின்ற லாரி

அத்தியாயம் 14

ஜாமீன் கையெழுத்துப் போட முடியாது என்று போன வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாரே தில்லைநாயகம், அவர் இன்று காலை ஆறேகாலுக்கே மூத்த மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிற மனிதர் இல்லை அவர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, யாருக்கு எது சொந்தம் என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றவர். அவரே கூப்பிடுகிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மாப்பிள்ளை குருபிரசாத் பத்து வருஷமாக அடுத்தவர் லாரியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். இனிமேல் தனியாகத் தொழில் செய்வது என்று முடிவு கட்டிவிட்டான். பலவேசம் அண்ணாச்சியின் பழைய லாரியை விலைக்கு வாங்கலாம். அல்லது கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி நாலு வருஷக் குத்தகைக்குக் கொடுக்கிற புது லாரியை எடுக்கலாம்.

வாங்குவதென்றால் மாமனார் தன் ஓய்வுப் பணத்தைத் தரத் தயார். குத்தகைக்குப் பணம் வேண்டாம், ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும். குருபிரசாத் கேட்பது அந்தக் கையெழுத்தைத்தான். மாமனார் தர மறுப்பதும் அதைத்தான். இன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்து வராவிட்டால் அந்த லாரி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு அந்தக் கம்பெனி வண்டிய ஓட்டிப் பாக்கப் போறீங்களாமே? பிருந்தா சொன்னா."

"ஆமா மாமா. சாத்தான்குளத்துக்கு ஒரு லோடு தாராவ. மூணு மணிக்கெல்லாம் திரும்பிருவேன்."

"நல்லதாப் போச்சு. மூணரைக்கு நம்ம சித்ரா கல்யாண விஷயமாப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்காரவ வாராவ. நீங்க வார வழியில வண்டிய நம்ம வாசல்ல அரை மணி நேரம் நிப்பாட்டுங்க. நீங்க வாயே தெறக்க வேண்டாம். வண்டி நின்னா போதும்."

"அவியகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க மாமா?"

"எல்லார்ட்டயும் சொன்னதுதான்."

எல்லாரிடமும் சொன்னது என்னவென்றால், மூத்த மாப்பிள்ளை சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். கல்யாணத்தின்போது குருபிரசாத் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் மேனேஜர். மறு வருஷமே அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு அது பிடித்துப் போயிற்று. மாமனாருக்குத்தான் டிரைவர் என்ற சொல் நாக்கில் ஏறவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்க, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு லாரியை வாங்கி மாப்பிள்ளை பேரில் எழுதிவிட்டார். முத்திரைத்தாள் செலவுகூட ஆகவில்லை.

"இதை மட்டும் செய்யுங்க. சாயங்காலம் நானே கங்கைகொண்டானுக்கு வந்து கையெழுத்துப் போடுதேன்" என்றார் தில்லைநாயகம்.

"சரி மாமா" என்று சொல்லிவிட்டான் குருபிரசாத். சொன்ன பிறகுதான் தன்மேல் எரிச்சல் வந்தது.

தச்சநல்லூர் வீட்டின் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி பிருந்தா திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா சம்மதிச்சிட்டாவளா?"

"சம்மதிச்சிட்டாவ. பதிலுக்கு நான் அரை மணி நேரம் முதலாளியா இருக்கணுமாம், சித்ராவப் பாக்க வாரவிய முன்னால."

பிருந்தா சிரிக்கவில்லை. தோசையை அவன் தட்டில் போட்டாள்.

"எனக்கு வாங்குறதுதான் இஷ்டம், அது உங்களுக்கே தெரியும். நாலு வருஷம் ஓடி ஓடி, கடைசியில சாவியக் குடுத்துட்டு வெறுங்கையோட வரணுமேன்னு நெனச்சா எனக்குப் பயமா இருக்கு. ஆனா ஓட்டப் போறது நீங்கதான."

"பலவேசம் அண்ணாச்சி வண்டியப் போன மாசம் ஓட்டிப் பாத்தேம்லா. ஆரல்வாய்மொழி தாண்டுறதுக்குள்ள ரெண்டு தடவ ரேடியேட்டர் கொதிச்சிட்டு. அதை வாங்குனா மாசத்துல பாதி நாள் வண்டிக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கணும். உங்க அப்பா பணமும் அதுக்குள்ளயே போயிரும். லீசுன்னா டயரு, ரிப்பேரு, இன்சூரன்ஸு எல்லாம் கம்பெனிக்காரன் தலைவலி. வாடகை போக மிச்சம் எனக்கு. நாலு வருஷம் தனியா நின்னு பாப்போம். பெறகு நல்ல வண்டியா வாங்குவோம்."

"இதை அப்பாட்ட இப்படியே சொல்லலாம்லா?"

"சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்ப வண்டி யாரு பேர்ல இருக்கும்னு கேட்டாவ."

பிருந்தா அடுப்பை அணைத்தாள். அப்பாவை அவளுக்குத் தெரியாதா? விருந்தாளிகளுக்குக் கேசரி கிண்ட அவளும் பெருமாள்புரத்து அப்பா வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கொண்டையை முடிந்தாள்.

*

கம்பெனி யார்டில் ஸ்டெபி காத்திருந்தாள். லாரிகள் எங்கே போகின்றன, எங்கே நிற்கின்றன என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. வயது இருபத்தெட்டு இருக்கும். குரலை வைத்து நாற்பது சொல்லலாம்.

"அண்ணே, கண்ணாடிக்கு உள்ள நடுவுல கறுப்பா ஒரு வட்டம் தெரியுதுல்லா, அது ரோட்டப் பாக்குற கேமரா. அதை மறைச்சா எங்களுக்கு ஸ்கிரீன் இருட்டிரும். அன்னைக்கோட சோலி முடிஞ்சுது, ஓட்டிப் பாத்தது ரத்து. வண்டியில வேற ஆளை ஏத்தக் கூடாது. குறிச்ச எடத்தத் தவிர எங்கயும் நிப்பாட்டக் கூடாது. வண்டிக்குள்ள ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கு, ஏதாவதுன்னா நான் இங்க இருந்தே கூப்பிடுவேன், நீங்க அங்க இருந்தே பதில் சொல்லலாம்."

"பெருமாள்புரத்துல அரை மணி நேரம் நிப்பாட்டணும்."

"எதுக்கு?"

"சாப்பாட்டுக்கு."

ஸ்டெபி தட்டச்சு செய்துகொண்டாள். மாமனாருடையது முழுப் பொய், இது அரைப் பொய் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான் குருபிரசாத். கேசரியும் சாப்பாட்டில் சேர்த்திதானே.

வாசல் பெஞ்சில் ஹெப்ரான் உட்கார்ந்திருந்தான். வரிசையில் அடுத்த ஆள். மாஞ்சோலை எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன், எஸ்டேட்டை மூடியதும் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கி வந்து இப்போது கிடைத்த வண்டியை ஓட்டுகிறான். "நல்லா ஓட்டிப் பாருங்கண்ணே" என்றான். மனசாரத்தான் சொன்னான். அதுதான் குருபிரசாத்துக்குச் சங்கடமாக இருந்தது.

டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டும்போது கீழே தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் பனை. பிரேக் மெதுவாகப் பிடித்தது, கியர் சத்தமில்லாமல் விழுந்தது. சாத்தான்குளத்தில் சரக்கு இறக்க வேண்டிய கடைக்குப் பின்னால் குறுகலான ஒரு முடுக்கு. பழைய லாரியென்றால் அதற்குள் பின்னால் எடுக்க இரண்டு பேர் நின்று கத்த வேண்டும். இதை அவன் ஒருவனாகவே எடுத்து நிறுத்தினான். சந்தோஷமாக இருந்தது. பத்து வருஷத்தில் எத்தனையோ லாரி ஓட்டியிருக்கிறான். இதை விடக்கூடாது என்று தோன்றியது இதுதான் முதல் தடவை.

*

மூன்றேகாலுக்குப் பெருமாள்புரத்தில் லாரி திரும்பியபோது தில்லைநாயகம் தெருவிலேயே நின்றார். புது வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் கதம்ப மாலை, சந்தனம், குழைத்த திருநீறு, நாலு எலுமிச்சம்பழம்.

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"புது வண்டி நம்ம வாசலுக்கு வந்துட்டு வெறும் நெத்தியோடயா நிக்கும்? நீங்க உள்ள போயி மொகத்தக் கழுவுங்க."

இந்த இடத்தில் கேமராவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பசி. சாத்தான்குளத்தில் ஒரு டீ குடித்ததோடு சரி. ஜன்னல் கண்ணாடியை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு, இறங்கி உள்ளே போய்விட்டான்.

அடுக்களை வாசலில் சித்ரலேகா பட்டுப்புடவையோடு நின்றாள். பிருந்தாவின் தங்கை, ஏழு வயது இளையவள். வாய் மட்டும் மூத்தது.

"அத்தான், லாரியப் பாத்துத்தான் என்னையக் கட்டுவாவன்னா, லாரியையே கட்டிட்டுப் போவட்டும்."

"அரை மணி நேரம் பொறுத்துக்கம்மா" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே தில்லைநாயகம் பம்பரில் ஏறி நின்றார். அறுபத்தெட்டு வயசில் வேறு யாராவது இப்படி ஏறியிருந்தால் திட்டியிருப்பார். மாலையைப் போட்டார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு நெற்றி எது என்று பார்த்தார். கண்ணாடிக்கு நடுவில், வசதியாகக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அதை நடுவாக வைத்து மூன்று பட்டை திருநீறு, விரல் கனத்துக்கு. அதற்கு மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனப் பொட்டு. இறங்கி, பத்தடி தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே கும்பிடத் தோன்றியது.

மூன்றரைக்கு, சித்ராவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா காந்திமதிநாதனும் அவர் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பையன் ஓசூரில் வேலை பார்க்கிறான். காந்திமதிநாதன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வண்டி புதுசா இருக்கே."

"எங்க மாப்பிள்ளை சொந்த வண்டி. இப்பத்தான் எடுத்தாவ" என்றார் தில்லைநாயகம்.

குருபிரசாத் கும்பிட்டான். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

முன் அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிருந்தா கேசரி கொண்டு வந்தாள். சித்ரலேகா காபி கொண்டு வந்தாள். காந்திமதிநாதன் முதல் வாய் காபியை உறிஞ்சும்போது வாசலில் லாரி 'பீப் பீப்' என்று கத்தியது. அடுத்தாற்போல் ஸ்டெபியின் குரல், தெரு முழுக்கக் கேட்கும்படி.

"குருபிரசாத் அண்ணே! முன் கேமரா மறைஞ்சு கெடக்கு. ஓட்டிப் பாக்கத் தந்த கம்பெனி வண்டியில கேமராவ மறைக்கக் கூடாதுன்னு சொன்னேம்லா? பதில் சொல்லுங்க, இல்லன்னா ரத்து பண்ணிருவேன்!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

குருபிரசாத் எழுந்தான். வெட்கமாக இருந்தது. கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெரிய ஆறுதலாகவும் இருந்தது. காந்திமதிநாதனுக்கு நேராக நின்று சொன்னான்.

"ஐயா, வண்டி என்னுது இல்ல. லீசுக்கு எடுக்கலாமான்னு ஓட்டிப் பாக்கேன். பத்து வருஷமா சம்பளத்துக்கு லாரி ஓட்டுதேன். தெரிஞ்சேதான் இங்கன கொண்டாந்து நிப்பாட்டுனேன், அது என் தப்பு. சித்ராவுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

வாசலுக்கு அவன் போவதற்குள் தில்லைநாயகம் அவனை முந்திக்கொண்டு போனார். மறுபடியும் பம்பரில் ஏறினார். தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். திருநீறு காய்ந்து போயிருந்தது, லேசில் போகவில்லை. அழுத்தித் துடைத்தார். பிறகு இறங்கி, டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குள் தலையை நீட்டி, உள்ளே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பொதுவாகச் சத்தம் போட்டார்.

"ஏம்மா, நான் அவரு மாமனார் பேசுதேன். அந்தத் திருநீறு நான் பூசுனது. அவருக்குத் தெரியாது. அவரு டிரைவரு, டிரைவர் வேலையத்தான் பாத்தாரு. ரத்து கித்துன்னு பண்ணிராதம்மா."

டிரைவர் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து குருபிரசாத் கேட்டது அன்றைக்குத்தான். அதையும் தெருவே கேட்க, சம்பந்தி வீட்டார் பின்னால் நிற்கச் சொன்னார்.

"இப்ப தெளிவாத் தெரியுது தாத்தா" என்றாள் ஸ்டெபி. "அண்ணே, அஞ்சு மணிக்குள்ள ஜாமீனோட யார்டுக்கு வந்துருங்க."

காந்திமதிநாதன் காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். சித்ரலேகாவிடம் நன்றாக இருக்கிறது என்றார். கிளம்பும்போது தில்லைநாயகத்திடம், "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார். கேட்டுக்கு அருகே குருபிரசாத்தின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

ஆட்டோ போனதும் தில்லைநாயகம் திருநீறு அப்பிய துண்டை மடித்துக்கொண்டே நின்றார்.

"பொறப்படுங்க மாப்பிள்ளை. நேரமாச்சு."

கையெழுத்தைப் பற்றி அவர் பேசவில்லை. இவனும் கேட்கவில்லை. பேரம்தான் முறிந்துவிட்டதே, எந்த முகத்தோடு கேட்பது?

*

யார்டுக்கு வரும்போது மணி நாலு முப்பத்தைந்து. ஸ்டெபி கண்ணாடியைச் சுற்றிப் பார்த்தாள். ஓரத்தில் சந்தனம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ரத்து பண்ணணும்தான். உங்க மாமா பேசுனது பதிவாயிருக்கு, அதையே விளக்கமா வச்சுக்கிடுதேன். ஜாமீன் எங்கண்ணே?"

"தெரியல" என்றான். பெஞ்சில் ஹெப்ரான் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தான்.

நாலே முக்காலுக்கு ஒரு ஆட்டோ உள்ளே வந்தது. பிருந்தா இறங்கினாள். பின்னால் தில்லைநாயகம், சட்டையை மாற்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி, ஓய்வூதியப் புத்தகம் சகிதம்.

பத்திரத்தை அவர் தன் அலுவலகத்தில் படிப்பதுபோல் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஆறு பக்கம்.

"நாலு வருஷம் முடிஞ்சு வண்டிய இவரே வாங்கணும்னா?"

"மிச்ச விலையக் கட்டிட்டு வாங்கிக்கிடலாம் தாத்தா. அஞ்சாம் பக்கம்."

"மாசத் தொகை பிந்திச்சுன்னா?"

"ரெண்டு மாசம் பொறுப்போம். பெறகு வண்டிய எடுத்துருவோம், பாக்கிக்கு உங்களைக் கேப்போம்."

"நேராச் சொல்லுதியே" என்றவர், பேனாவைத் திறந்தார். அப்போது குருபிரசாத்தின் போன் அடித்தது. புது நம்பர். கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்தான்.

"தம்பி, காந்திமதிநாதன் பேசுதேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்ணார்பேட்டை படித்துறைக்கு வாங்க. நீங்க மட்டும். உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். அதை வச்சுத்தான் நான் முடிவு சொல்ல முடியும். உங்க மாமாவுக்குத் தெரிய வேண்டாம்." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

திரும்பி வந்தான். பேனா தாளுக்கு மேல் நின்றிருந்தது.

"யாரு மாப்பிள்ளை?"

பலவேசம் அண்ணாச்சி என்று சொன்னால் போதும். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு ஆறு நிமிஷம். உண்மையைச் சொன்னால் மனிதர் அதிர்ந்துபோய்ப் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனாலும் போவார். லாரி கண்ணெதிரே நின்றது.

"சித்ராவுக்குப் பாத்த மாப்பிள்ளையோட அப்பா, மாமா. நாளைக்குக் காலையில என்னையத் தனியா வரச் சொல்லுதாவ. அதுக்குப் பெறகுதான் முடிவு சொல்லுவாவளாம். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாவ."

"என்னங்க" என்று அவன் கையைப் பிடித்தாள் பிருந்தா.

தில்லைநாயகம் அவனையே பார்த்தார். "தெரிய வேண்டாம்னு சொன்னதை ஏன் எங்கிட்ட சொல்லுதீங்க?"

"எனக்கு உங்க கையெழுத்து வேணும் மாமா. ரொம்ப வேணும். ஆனா இன்னொரு பொய்யச் சொல்லி வாங்க வேண்டாம்னு பாத்தேன்."

கிழவர் குனிந்து, அப்பா பேரில் தொடங்கித் தன் முழுப் பேரையும், ஓர் எழுத்துக்கூடச் சுருக்காமல் எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதினார். ஆறாவது பக்கம் முடியும்போது ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம்தான் பாக்கி. ஹெப்ரான் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தான்.

"நாளைக்குப் போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார் தில்லைநாயகம். "அவிய என்ன சொன்னாலும் அப்படியே வந்து எங்கிட்ட சொல்லணும். என் பொய்யால எம்பொண்ணுக்கு இந்த எடம் போயிட்டுன்னு சொன்னாலும், அதையும் சொல்லணும்."

கடைசி வார்த்தைகளில் அவர் குரல் உடைந்துவிட்டது. பயந்துபோயிருந்தார், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஸ்டெபி லாரிச் சாவியை மேஜை மேல் வைத்தாள். குருபிரசாத் அதை எடுக்கவில்லை. மாமனாருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.